இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்ற வேண்டாம்

பதுளை, ஹாலிஎல, பசறை பக்கத்து உறவுகளுக்கும் தோட்டத்துப் பெற்றோருக்கும் எழுதுகிறோம்.

பதிவு நீளம். நோன்பு நெருங்குது, வீடு கழுவுற வேலை எல்லா வீட்டிலும் தொடங்கப் போகுது. பள்ளிவாசலில் வுழூ செய்யும் இடம் கழுவுவார்கள், கோயில்களில் திருவிழாவுக்கு முந்திக் கழுவுவார்கள், பாடசாலைகளில் சிரமதானம் நடக்கும். அதற்கு முந்தி இதை வாசித்து விடுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு வரி: டொய்லெட் கழுவுகிற அசிட்டும் டீ.சீ.எல். தூளும் (குளோரீன், பிளீச் என்று நீங்கள் எந்தப் பெயரில் வாங்கினாலும்) ஒன்றோடொன்று சேரவே கூடாது. வாளியிலும் சேரக்கூடாது, கோப்பைக்குள்ளும் சேரக்கூடாது, ஒன்றை ஊற்றிவிட்டுக் கழுவாமல் மற்றதைப் போடவும் கூடாது.

இனி நடந்ததைச் சொல்கிறோம். பாடசாலையின் பெயரும் ஆட்களின் பெயரும் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரியத் தேவையில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து எங்கள் மலைகளைச் சரித்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். லயங்களை விட்டு இறங்கிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கின. எங்கள் வகுப்பறைகளிலும் தங்கின. அவர்கள் போன பிறகு கழிப்பறைகள் இருந்த நிலையை எழுத வேண்டியதில்லை. குறை சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு நாலு கழிப்பறை என்றால் யார் வீட்டில்தான் ஒழுங்காக இருக்கும்? பிள்ளைகள் திரும்பி வர முந்திக் கழுவ வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைத்தோம். பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் அறிவித்தலும் போட்டோம். அதில் ஒரு வரி இருந்தது: “வீட்டில் உள்ள கழுவும் பொருட்களையும் எடுத்து வரவும்.”

அந்த வரியை எழுதியது நாங்கள்தான். எங்களிடம் காசில்லை, பெற்றோரிடம் இருப்பதைக் கொண்டு வரட்டும் என்றுதான் நினைத்தோம். அதில் பிழை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கீழ்த்தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் (தரம் 4 பிள்ளையின் அம்மா) ஒரு சோடாப் போத்தலில் நீல நிறத் தண்ணி கொண்டு வந்திருந்தார். சந்தையில் கேனில் வைத்து ஊற்றிக் கொடுக்கிறார்களே, அது. பேர் இல்லை, லேபல் இல்லை, விலை மட்டும் உண்டு. அவர் அதைக் கடைசிக் கழிப்பறையின் கோப்பையிலும் தரையிலும் ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று வெளியே வந்தார். சரியாகத்தான் செய்தார். அந்தச் சாமானை அப்படித்தான் பாவிக்க வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து டவுனிலிருந்து வந்த இன்னொரு தாய் அந்தப் பக்கம் போனார். அவர் கையில் டீ.சீ.எல். பை. வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர்த் தாங்கிக்குப் போடக் கிடைத்ததில் மீதி. கழிப்பறையில் மணம் இன்னும் போகவில்லை என்று இரண்டு கைப்பிடி அள்ளித் தூவினார். அவரும் சரியாகத்தான் செய்தார். கிருமி சாக டீ.சீ.எல். போடச் சொல்லி எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஒருவர் ஊற்றியதை மற்றவர் பார்க்கவில்லை. கலக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

தரை சோடா போலப் பொங்கியது என்றார் இரண்டாவது தாய். மூக்கில் ஊசி குத்தியது போல ஒரு நெடி. அவர் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்து விட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் முதல் தாய் உள்ளே ஓடினார். நாங்கள் பிறகு கேட்டோம், ஏன் போனீர்கள் என்று. “வாளி உள்ளுக்கு இருந்துச்சி டீச்சர். அது என் வாளி இல்லங்க, பக்கத்துக் காம்பரா அக்காவோடது” என்றார்.

அவருக்கு இழுப்பு வருத்தம் இருக்கிறது. வாளியோடு வெளியே வந்தவர் இஸ்தோப்பில் உட்கார்ந்தார், எழும்ப முடியவில்லை. 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. ஒட்சிசன் வைத்து, புகை பிடிக்கக் கொடுத்து, இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அங்கே டொக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “என்ன கலந்தீங்க?” டீ.சீ.எல். என்று சொன்னோம். மற்றது? சோடாப் போத்தலை நீட்டினோம். அதில் என்ன இருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அவர் சுகமாகி வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் கொழுந்துக்குப் போகவில்லை. மூன்று பேர் விழவில்லை. தோட்டத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தச் சம்பவம் மட்டுமில்லை. அடுத்த நாள் ஊர்க் குழுக்களில் வந்த பேச்சும்தான். “படிக்காத சனம், என்னத்தையும் கலக்கும்” என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. இதை எங்களால் ஏற்க முடியாது. அன்று அந்த வளவில் ஆசிரியர்கள் ஒன்பது பேர் நின்றோம். அதில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஐதரோக்குளோரிக் அமிலத்தோடு வெளிற்றும் தூள் தாக்கமடைந்தால் குளோரீன் வாயு வரும் என்பது பாடசாலை இரசாயனம். கரும்பலகையில் சமன்பாடு எழுதுகிறோம், சமப்படுத்தச் சொல்கிறோம், பரீட்சையில் புள்ளி போடுகிறோம். அந்த வெளிற்றும் தூள்தான் டீ.சீ.எல். என்றும், அந்த அமிலம்தான் டொய்லெட் போத்தலில் இருக்கிறது என்றும் நாங்கள் ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லை. எங்களுக்கே அது ஒரு கணக்காக மட்டும்தான் இருந்தது. கல்வியியற் கல்லூரியில் “பாடத்தை வாழ்க்கையோடு தொடர்புபடுத்துங்கள்” என்று எத்தனை பாடத்திட்டம் எழுதியிருப்போம்! அதனால் படித்தது, படிக்காதது என்ற கதையை விடுங்கள்.

என்ன நடக்கிறது என்று இப்போதாவது சொல்லித் தருகிறோம்.

டொய்லெட் கழுவுகிற நீலப் போத்தல்கள் பலவற்றில் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலம். நல்ல கம்பனிப் போத்தலில் நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கும். லேபலில் அதை எழுதியும் இருப்பார்கள். சந்தையில் ஊற்றிக் கொடுப்பதில் எவ்வளவு என்று ஊற்றிக் கொடுப்பவருக்கே தெரியாது. கோப்பையில் பிடிக்கும் சுண்ணாம்புக் கறையையும் மஞ்சளையும் கரைப்பது அந்த அமிலம்தான்.

டீ.சீ.எல். என்பது சுண்ணாம்புக்குள் குளோரீனைப் பிடித்து வைத்த தூள். பெயரின் கடைசி எழுத்தே சுண்ணாம்பைத்தான் குறிக்கிறது. நல்ல தூளில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் குளோரீன் வெளிவரக் கூடியதாக இருக்கும். உடுப்பு வெளுக்கப் போத்தலில் விற்கிற பிளீச்சும் அதன் தம்பிதான், தூளுக்குப் பதில் தண்ணியாக இருக்கிறது. இந்தப் பிடித்து வைத்த குளோரீனைத் திறந்து விடுகிற சாவிதான் அமிலம். அமிலம் பட்ட உடனே, சூடாக்கத் தேவையில்லை, கலக்கத் தேவையில்லை, வாயு வெளியே வரும்.

எவ்வளவு வரும் என்று எங்கள் விஞ்ஞான சேர் வெண்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எங்களுக்கு உண்மையில் பயம் வந்தது. நாலடி நீளம், நாலடி அகலம், எட்டடி உயரமான ஒரு கழிப்பறையை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 3,600 லீற்றர். ஒரு தேக்கரண்டி டீ.சீ.எல்., அதாவது 5 கிராம் அளவு, அமிலத்தோடு முழுதாகத் தாக்கமடைந்தால் 1.5 கிராம் குளோரீன் வரும். வாயுவாக அது அரை லீற்றர். அதற்குத் தேவையான அமிலம், 10 சதவீதப் போத்தலில், 15 மில்லிலீற்றர்தான். ஒரு போத்தல் மூடி நிறைய. அந்த அரை லீற்றர் கதவு மூடிய கழிப்பறைக்குள் பரவினால் காற்றில் பத்து இலட்சத்துக்கு 140 பங்கு குளோரீன். அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு வைத்திருக்கிற உச்ச எல்லை பத்து இலட்சத்துக்கு 1. பத்து இலட்சத்துக்கு 10 என்றாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கெடுக்கிறார்கள்.

ஒரு தேக்கரண்டிக்கு இது. அந்தத் தாய் தூவியது இரண்டு கைப்பிடி. கதவு திறந்திருந்தது, மேலே கண்ணாடி உடைந்த ஜன்னல் ஒன்று இருந்தது, எல்லாத் தூளும் அமிலத்தில் விழவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். அந்த உடைந்த ஜன்னலைத் திருத்தித் தரச் சொல்லி நாங்கள் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக் கொண்டிருந்தோம் என்பது வேறு கதை.

இன்னொன்று. குளோரீன் காற்றை விட இரண்டரை மடங்கு பாரம். மேலே போகாது, தரையோடு படுக்கும். நாங்கள் குந்தியிருந்து உரஞ்சுகிற ஆட்கள். மூக்கு இருக்கும் இடத்தில்தான் வாயுவும் இருக்கும். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நடக்கும் சின்னப் பிள்ளைக்கு இன்னும் கிட்ட. எங்கள் பக்கத்தில் மழையும் குளிரும் என்று கதவு ஜன்னலை அடைத்து வைத்துக் கழுவுகிற பழக்கம் வேறு. நமுனுகுல பக்கம் மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னல் திறக்கச் சொன்னால் யார் திறப்பார்கள்?

1774இல் ஸ்வீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே இந்த வாயுவை முதன்முதலில் உண்டாக்கியதும் இதே அமிலத்தை ஒரு கறுப்புக் கனிமத்தின் மேல் ஊற்றித்தான். பிறகு அதைத் துணி வெளுக்கப் பாவித்தார்கள். 1799இல் ஸ்கொட்லாந்தில் அதைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கினார்கள். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற இடத்தில் ஜெர்மன் படை 150 டொன்னுக்கு மேற்பட்ட குளோரீனைக் காற்றோடு திறந்துவிட்டது. பதுங்கு குழிக்குள் இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்: அது பள்ளத்துக்கு இறங்கும் வாயு. குடிதண்ணீரில் துளியளவு போட்டால் எங்கள் பிள்ளைகளை வயிற்றோட்டத்திலிருந்து காப்பதும் அதே குளோரீன்தான். ஆகவே டீ.சீ.எல்.லைக் கண்டு பயந்து வீசிவிட வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு அது இல்லாமல் எங்களால் இருக்க முடியாது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிறதும் இல்லை. ஜப்பானில் 1987இல் டொகுஷிமாவில் ஒரு குடும்பப் பெண் வீட்டைக் கழுவும்போது அமிலக் கழுவியும் பிளீச்சும் சேர்ந்து இறந்து போனார். 1989இல் நகானோவில் இன்னொருவர். அதன் பிறகு அந்த நாட்டுப் போத்தல்களில் “கலக்காதே, ஆபத்து” என்று தூரத்திலிருந்தே தெரிகிற அளவு எழுத்தில் போட்டார்கள். இரண்டு உயிர் போதுமாக இருந்தது அவர்களுக்கு.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது எங்கள் சம்பவம் மாதிரியே இருந்தது. சமையலறைத் தரையில் முந்தியே அமிலக் கழுவி சிந்தியிருந்தது. பிறகு வந்த இன்னொரு ஊழியர் அது தெரியாமல் தரை கழுவ பிளீச் ஊற்றினார். தரை பச்சையாகிப் பொங்கியது. எல்லோரும் வெளியே போனார்கள். முகாமையாளர் மட்டும் உள்ளே நின்று அதைத் தள்ளி வெளியேற்றப் பார்த்தார். அவர் இறந்து விட்டார். அங்கேயும் ஒருவரும் கலக்கவில்லை. இரண்டு பேர், இரண்டு நேரம், ஒரே தரை. வாளிக்காக உள்ளே ஓடிய எங்கள் தாயை நினைத்துப் பாருங்கள்.

கொவிட் நேரத்தில் இது உலகம் முழுக்கக் கூடியது. 2020 ஜனவரி முதல் மார்ச் வரை அமெரிக்காவின் நச்சுத் தகவல் நிலையங்களுக்குக் கழுவும் பொருட்கள், கிருமிநாசினிகள் பற்றி 45,550 அழைப்புகள் வந்தன. முந்திய வருடத்தை விட நூற்றுக்கு 20 கூட. மரக்கறி கழுவவென்று தொட்டியில் பிளீச்சும் வினாகிரியும் சுடுதண்ணியும் விட்டு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண்ணின் கதையை அவர்களின் சுகாதார அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். வினாகிரியும் அமிலம்தான். தேசிக்காயும் அமிலம்தான். கறை போக தேசிக்காய்ப் பாதியால் உரஞ்சிவிட்டு அதன் மேல் பிளீச் ஊற்றுகிறவர்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். டொய்லெட் அசிட் அளவுக்கு வராது, ஆனால் இழுப்புக்காரருக்கு அதுவே போதும்.

பிறகு மூத்திரம். அதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் பாடசாலைக் கழிப்பறை பற்றிக் கதைக்கும்போது எழுதாமல் முடியாது. பழைய மூத்திரத்தில் அமோனியா இருக்கும். கழுவாத தரையில் நேரே டீ.சீ.எல். தூவினால் குளோரமின் என்ற இன்னொரு வாயு வரும். கண் எரிந்து மூக்கு ஓடும். சனம் அதை “குளோரீன் நல்லா வேலை செய்யுது” என்று எடுத்துக் கொள்கிறது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகுதான் டீ.சீ.எல். கரைசல். கைகழுவும் செனிடைசர், டெட்டோல், கண்ணாடி துடைக்கிற திரவம், இவை எதையும் பிளீச்சோடு சேர்க்க வேண்டாம். பிளீச்சைச் சுடுதண்ணியில் கலக்கவும் வேண்டாம். பச்சைத் தண்ணி மட்டும்தான் அதற்குக் கூட்டாளி. அடைத்த குழாய்க்குப் போடுகிற கோஸ்டிக் சோடாவோடு அசிட் சேர்ந்தால் வாயு இல்லாவிட்டாலும் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

எங்கள் வீடுகளில் ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது: நெடி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சுத்தம். எங்கள் உம்மாமார் அப்படித்தான் பழகினார்கள், நாங்களும் அப்படித்தான். மாமி வரும் நாளில் வீடு “மணக்க” வேண்டும். ஒன்று போதாது என்று இரண்டைப் போடுகிறோம், இரண்டு போதாது என்று மூன்று. உண்மையில் அமிலமும் டீ.சீ.எல்.லும் சேர்ந்தால் குளோரீன் எல்லாம் காற்றுக்குப் போய் விடும், தரையில் கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. காசும் வீண். கறைக்கு ஒரு நாள் அசிட், கிருமிக்கு இன்னொரு நாள் டீ.சீ.எல். என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே நாளில் செய்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பீலியிலிருந்து தண்ணீர் சுமக்கிற லயத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வேறு வேறு நாள் என்கிறோம்.

யாருக்காவது நெடி ஏறிவிட்டால் முதலில் வெளியே, திறந்த இடத்துக்கு. வாளியும் வேண்டாம், துடைப்பமும் வேண்டாம், ஊற்றியதைக் கழுவி விடுகிற வேலையும் வேண்டாம். ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள். கண் எரிந்தால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மேலே தெறித்திருந்தால் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். புளித்தண்ணி, தேங்காய்ப் பால், பசுப் பால் என்று எதையும் பருக்க வேண்டாம். அது நுரையீரலுக்குப் போகாது, வாந்திதான் வரும். 1990 அம்புலன்ஸ் இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, 011 2686143. கேட்டால் சொல்வார்கள். போத்தலையும் பையையும் கையோடு கொண்டு போங்கள்.

முக்கியமாக ஒன்று: “இப்ப சரி, இருமல் நின்டுட்டு” என்று படுத்துவிட வேண்டாம். கூடுதலாக உள்ளே போயிருந்தால் சில மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோர்க்கலாம். இரவில் மேல்தோட்டத்திலிருந்து ஆளை இறக்குவது எப்படி என்று தெரியும்தானே. பகலிலேயே காட்டி விடுங்கள். நோன்பாளிகளுக்கும் சொல்கிறோம். இழுப்பு வந்த பிறகும் நோன்பு முறியும் என்று இன்ஹேலர் அடிக்காமல் அஸர் வரை பொறுத்திருக்கிற ராத்தாமார் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சந்தேகம் என்றால் ஹஸரத்மாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், மூச்சு முட்டுகிற நேரத்தில் கேட்க முடியாது.

இனி எங்கள் கோபத்தைச் சொல்கிறோம்.

தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கிற மருந்தைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பதியாத மருந்தை விற்க முடியாது, லேபல் இல்லாமல் விற்க முடியாது. ஸ்டோரில் பூட்டி வைத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் கண்ணைக் குருடாக்கக் கூடிய அமிலத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி, பிஸ்கட் பக்கத்தில் வைத்து விற்கலாம். யாரும் கேட்பதில்லை. லேபல் உள்ள போத்தலிலும் எச்சரிக்கை எழுத்து எறும்பு அளவு. சிலதில் ஆங்கிலம் மட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்க அதிகாரம் கொடுத்திருக்கிறது. 1977க்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். செய்யுங்கள். நாங்களும் எழுத்தில் அனுப்பியிருக்கிறோம்.

கடைக்கார நானாமாரிடமும் அண்ணன்மாரிடமும் ஒரு வேண்டுகோள். கேனில் வாங்கி ஊற்றிக் கொடுப்பதில் உங்களுக்குச் சில ரூபா இலாபம், வாங்குகிறவருக்கும் மலிவு. மாத முடிவில் அந்தச் சில ரூபா தோட்டத்து வீட்டுக்குப் பெரிது, அதை நாங்கள் மறுக்கவில்லை. விற்கவே வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். குறைந்தது குடிக்கிற போத்தலில் ஊற்றாதீர்கள். ஒரு துண்டுக் கடதாசியில் “அசிட். டீ.சீ.எல்.லோடு சேர்க்க வேண்டாம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் எங்கள் தரம் 9 பிள்ளைகள் எழுதித் தருவார்கள், கேட்டுப் பார்த்தாயிற்று. டீ.சீ.எல். பகிர்கிற நிவாரணக் குழுக்களும் பையை வெறுமனே கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். கொடுக்கிற நேரத்தில் வாயால் சொல்லுங்கள். எழுத்து வாசிக்காத பாட்டிக்கும் அப்போதுதான் போய்ச் சேரும்.

பெரும்பாலும் பெண்களின் கைதான் இந்த வாளிக்குள் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று சிரமதானத்தில் ஆண்கள் வேலி கட்டினார்கள், புல்லு வெட்டினார்கள். கழிப்பறைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அதனால்தானோ என்னவோ இது ஒரு விடயமாகவே கதைக்கப்படுவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருக்கிற, கோயில் சபைகளில் இருக்கிற ஐயாமார் இந்தப் பதிவை உங்கள் வீட்டில் கழுவுகிறவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பள்ளி கழுவுகிற தம்பிக்கும்.

அந்தத் தாயைப் போய்ப் பார்த்தோம். தேத்தண்ணி தந்தார். மன்னிப்புக் கேட்டோம். “நீங்க என்னா செய்வீங்க டீச்சர்” என்றார். எங்களுக்கு அந்தப் பதில் இலேசாக இல்லை. திரும்பும்போது பார்த்தோம், இஸ்தோப்பில் அந்த வாளி கவிழ்த்து வைத்திருந்தது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையாம். பக்கத்துக் காம்பரா அக்கா நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம்.

பாடசாலையில் இப்போது ஒரு அலுமாரி, ஒரு திறப்பு, ஒரு பொறுப்பாசிரியர். கழிப்பறைக் கதவில் சிவப்பு மையால் எழுதிய மட்டை தொங்குகிறது: இன்று என்ன ஊற்றினோம், எத்தனை மணிக்கு, யார். அசிட் வாங்குவதை நிறுத்திவிட்டோம். சவர்க்காரத் தூளும் தும்புத்தடியும் கையும் போதும் என்று பார்க்கிறோம், கறை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். டீ.சீ.எல். மட்டும் பீ.எச்.ஐ. மஹத்தயா சொல்லித் தந்த அளவில் கரைத்து, கழுவி முடித்த தரைக்கு ஊற்றுகிறோம்.

வரும் சனிக்கிழமை மீண்டும் சிரமதானம், காலை 8 மணிக்கு. பெற்றோர் தும்புத்தடி, வாளி, பழைய துணி கொண்டு வாருங்கள். போத்தலில் எதையும் கொண்டு வர வேண்டாம். வேண்டியதைப் பாடசாலை வாங்கி வைத்திருக்கிறது. இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் வந்தவுடன் எங்களிடம் சொல்லுங்கள், உங்களுக்குப் பூமரம் நடுகிற வேலை. கழிப்பறைப் பக்கத்துக்கு இந்த முறை வாப்பாமாரும் அப்பாமாரும்.